ஒதுங்கி நின்றவர் தந்த இறால்

பொங்கல் நாட்களின் சைவச் சமையல் முடிந்ததும் பழவேற்காட்டுக் குப்பங்களில் அடுப்பின் மணம் மாறிவிடும். காணும் பொங்கலன்று மடவைக் குழம்பு, நண்டு, இறால் தொக்கு. சென்னையிலும் எண்ணூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வந்திருப்பார்கள். பழவேற்காட்டு ஏரிக்கும் அது நல்ல பருவம். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவந்த வெள்ளம் முகத்துவாரத்து மணலை அறுத்து வழி திறந்திருக்கும். கடல் ஏரிக்குள் வந்து வந்து போகும்.

அந்தத் தொக்கில் உள்ள இறாலின் தித்திப்புக்கு மசாலா காரணமில்லை. இறாலின் சதையில் கிளைசின் என்ற அமினோ அமிலம் தாராளமாகக் கரைந்து கிடக்கிறது. நம் நாக்குக்கு அது இனிக்கும். இறால் அதைச் சேர்த்து வைப்பது உயிர் பிழைக்க. சுற்றியுள்ள நீரில் உப்பு ஏறினால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுபடும். அதைத் தடுக்க கிளைசின், புரோலின் போன்றவற்றைச் செல்லுக்குள் கூட்டிக்கொண்டு இறால் ஈடுகொடுக்கிறது. உப்பு இறங்கினால் அவற்றைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் உவர் மிகுந்த நீரில் பிடித்த இறாலுக்கு ருசி தூக்கலாக இருக்கிறது. கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. பழவேற்காட்டு ஏரியிலோ மழைக்காலத்தில் ஆறு சேரும் இடங்கள் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். கோடையில் முகத்துவாரம் தூர்ந்துபோனால் வடபகுதி கடலைவிடக் கரிக்கும். ஏரி அன்றைக்கு எப்படி இருந்தது என்பது சட்டியில் தெரியும்.

வெள்ளை இறால் பிறப்பது ஏரியில் அல்ல. தாய் இறால் கடலில் முட்டையிடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சுகள் ஏற்றவெள்ளத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். சில மாதங்கள் சேற்றில் தின்று வளர்ந்து, வற்றவெள்ளத்தோடு கடலுக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் வழியில்தான் கழி நட்டு, சுத்து வலை கட்டுகிறார்கள். நீரோட்டம் குவியும் நல்ல இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிய கால்வாய்களில் சிலவே உண்டு. வலை கட்ட விரும்பும் குடும்பங்களோ ஏராளம்.

இந்தச் சிக்கலுக்கு இவ்வூர்க்காரர்கள் கண்ட விடை ‘பாடு’. கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் நல்ல இடங்களில் முறைவைத்து வலை கட்டுகின்றன. ஊருக்குள் தலைக்கட்டாகப் பதிவானவர்களுக்கு அந்த முறை சுற்றி வரும். இன்று உன் பாடு என்றால் நான் அங்கே வலை இறக்கமாட்டேன். செபாஸ்டியன் மேத்யூ இதை ஆராய்ந்து எழுதிய அறிக்கையை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1991இல் வெளியிட்டது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் பாடு முறை உண்டு.

விருந்தைப் பற்றிப் பேசுகையில் வலை விவகாரம் எதற்கு என்று கேட்கலாம். நன்றி உணர்வு எப்போது எழுகிறது என்று உளவியலாளர்கள் கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1968இல் வெளியான ஆய்வில் டெஸ்ஸர், கேட்வுட், டிரைவர் என்ற மூவர், உதவி பெறுவது பற்றிய கதைகளைக் கொடுத்து, படிப்பவருக்கு எவ்வளவு நன்றி தோன்றும் என்று அளந்தார்கள். மூன்று விஷயங்கள் அதைத் தீர்மானித்தன: கொடுத்தவர் மனதாரக் கொடுத்தாரா, அதனால் அவருக்கு எவ்வளவு இழப்பு, பெற்றவருக்கு அது எவ்வளவு பெரிது. தானாகக் கிடைத்ததாக நினைக்கும் எதற்கும் நன்றி ஊறுவதில்லை. அன்றாட வாழ்க்கை நமக்குச் சலித்துப்போவது இதனால்தான்: அதற்குப் பின்னால் இருக்கும் கை கண்ணில் படுவதில்லை.

2003இல் வெளியான ஆய்வில் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் மாணவர்களைப் பத்து வாரம், வாரம் ஒருமுறை, நன்றிக்குரியவற்றை எழுதச் சொன்னார்கள். தொல்லைகளை எழுதிய மற்றொரு குழுவினரைவிட இவர்கள் தம் வாழ்க்கையை நிறைவாக உணர்ந்தார்கள். அதன்பின் நன்றிக் குறிப்பேடுகள் உலகெங்கும் பரவின. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பலன் மிதமானதுதான் என்று தெரிந்தது. தனியாக உட்கார்ந்து பட்டியல் எழுதுவதைவிட, அந்த மறைந்த கையைத் தினமும் முன்னால் நிறுத்தும் ஏற்பாடு வலுவானது என்றே நான் நம்புகிறேன். பாடு அப்படிப்பட்டது. வலையில் விழுந்த ஒவ்வொரு இறாலும், அந்த இரவு தன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு ஒதுங்கி நின்ற பக்கத்து வீட்டுக்காரரால் கிடைத்தது. அவர் இழந்தது எவ்வளவு என்பது இருவருக்கும் தெரியும். நாளை இவர் ஒதுங்குவார்.

உகாண்டாவின் புடோங்கோ காட்டுச் சிம்பன்சிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு பகிர்வின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. உணவைப் பகிர்ந்த சிம்பன்சிகளின் சிறுநீரில், தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் ஆக்சிடோசின் கூடியிருந்தது. கொடுத்தவற்றுக்கும் கூடியது, பெற்றவற்றுக்கும் கூடியது. பேன் பார்த்தபின் இருப்பதைவிட அதிகம். மீனவக் குப்பமும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் நடை தூரத்தில் இருக்கும் ஓர் ஊரில், பண்டிகைக்குப் பண்டிகை அடுத்த வீட்டுக்குப் போகும் தூக்குச்சட்டி எவ்வளவு பழைய உயிரியல் வழக்கத்தின் தொடர்ச்சி என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பாடு முறையை மெச்சுவதோடு நிறுத்திவிட்டால் அது பாதி உண்மைதான். தலைக்கட்டு என்றால் பட்டினவர் என்ற மீனவர் சமூகத்து ஆண்கள். பெண்களுக்கு அதில் முறை இல்லை. இருளர்களுக்கும் இல்லை. இப்பகுதி நீர்நிலைகளில் இருளர் பெண்கள் மார்பளவு நீரில் அமர்ந்தும் நகர்ந்தும் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட, பல்லில் கவ்விய பறி. சேற்றில் கிடக்கும் சிப்பியும் கண்ணாடிச் சில்லும் கையைக் கிழிக்கும். இறால் ஏற்றுமதிக்கு விலை ஏறியபின் யாருக்குப் பாடு உண்டு என்பதில் ஊர்களுக்குள் பூசல்களும் முற்றின. ஒதுங்குபவரை மதிக்கத் தெரிந்த ஏற்பாடு, ஒதுக்கப்பட்டவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெரிய இறால் ஐஸ் பெட்டியில் சென்னைக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. பொடிதான் பெரும்பாலும் வீட்டுச் சட்டிக்கு. ராக்கெட் ஏவும் நாட்களில் ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிய கடலுக்கு மீனவர்கள் போகக் கூடாது. அன்றைய வருமானம் போய்விடும். முகத்துவாரம் அடைபட்ட ஆண்டுகளில் ஊரார் தாங்களே மண்வெட்டியோடு இறங்கியிருக்கிறார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கினால் கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும் என்று அஞ்சி அத்திட்டத்தை இன்றும் எதிர்க்கிறார்கள். டெஸ்ஸர் குழு சொன்ன மூன்றில் நடுவிலுள்ளது, கொடுப்பவரின் இழப்பு. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழவேற்காட்டு இறாலைப் பேரம் பேசி வாங்கும் நமக்கு அது விலைச்சீட்டில் தெரிவதில்லை.