அடையாற்றுப் பள்ளத்தாக்கில் மிதிவண்டி வழிகள்

அடையாற்றுப் பள்ளத்தாக்கின் மிதிவண்டி வழிகளில், தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த அனகாபுத்தூரில் தொடங்கிக் குன்றத்தூர், சோமங்கலம், மணிமங்கலம், முடிச்சூர், திருநீர்மலை ஆகிய ஊர்கள் வழியாக அனகாபுத்தூருக்கே திரும்பும் சுற்றுவழி குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 40 முதல் 45 கி.மீ. நீளம் கொண்டது. இது அரசு அறிவித்த பாதை அன்று. பெயர்ப்பலகையோ மிதிவண்டிக்கென்று தனித்தடமோ கிடையாது. இருக்கின்ற ஊர்ச் சாலைகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொள்வதுதான். ஓரளவு பழக்கம் உள்ளவர்கள் நடுவே நின்று பார்த்துக்கொண்டு போனாலும் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம்.

நில அமைப்பு

பள்ளத்தாக்கு என்றதும் இருபுறமும் மலை, நடுவில் ஓடும் நீர் என்று நினைத்து வருபவர்களுக்கு இங்கே முதலில் ஏமாற்றமே கிடைக்கும். அடையாறு சுமார் 42 கி.மீ. நீளமே உள்ள சிற்றாறு. மலையில் பிறப்பதில்லை, ஏரிகளில் பிறக்கிறது. மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரி, தெற்கே ஆதனூர் ஏரி, இவற்றோடு சேர்ந்த பல சிறிய ஏரிகளும் தாங்கல்களும் நிரம்பி வழியும் நீரே ஆறாகிறது. ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் உபரிநீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. தொண்டை மண்டலம் முழுவதும் இந்த ஏரித்தொடர் முறைதான்.

ஐரோப்பாவில் தன்யூபு ஆற்றங்கரையில் ஜெர்மனியின் பாசாவு நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை 300 கி.மீ.க்கும் மேல் நீளும் மிதிவண்டிப் பாதை பெயர் பெற்றது. அதன் பல பகுதிகள், முற்காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்துச் சென்ற தடங்களின் மேல் அமைந்தவை. அடையாற்றில் அப்படிப் படகு இழுத்த தடம் கிடையாது. இங்கு அந்த இடத்தில் இருப்பவை ஏரிக்கரைகளும், ஏரியோரமாகவே ஊருக்கு ஊர் போகும் சாலைகளுமே. ஆகவே இந்த வழியில் ஆற்றைப் பார்ப்பதைவிட ஏரியைப் பார்ப்பதே அதிகம்.

கிழக்கே பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் தெரியும். இவற்றின் கருநீலப் பாறை சார்னோக்கைட்டு வகையைச் சேர்ந்தது. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையாக இருந்ததால் டி. எச். ஹாலந்து என்ற நிலவியலாளர் அதற்கு அப்பெயரை இட்டார். இதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். சுற்றுவழி முழுவதும் இக்குன்றுகளைத் திசைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்: அவை தெரிகிற பக்கம் கிழக்கு.

அனகாபுத்தூரிலிருந்து சோமங்கலம் வரை

அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, குறிப்பாக நைஜீரியாவுக்கு, ஏற்றுமதியான மெட்ராஸ் கைக்குட்டைத் துணி இங்கு நெய்யப்பட்டது. அந்த வாணிபம் குறைந்தபின் வாழைநார் முதலிய இயற்கை நார்களில் சேலை நெய்து இவ்வூர் மீண்டும் பெயர் பெற்றது. விடியற்காலையில் புறப்படுபவருக்குத் தறியோசை கேட்காது. திரும்பி வரும்போது கேட்கலாம்.

பல்லாவரம்–குன்றத்தூர் சாலையில் மேற்கே சென்றால் சிறிது தொலைவில் அடையாற்றுப் பாலம் வரும். இங்கே இறங்கி நின்று ஆற்றின் அகலத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பிற்பாடு மேலே பார்க்கப்போகும் சிறு ஓடையோடு ஒப்பிட இது உதவும். ஆற்றோரக் குடியிருப்புகள் 2025 மே மாதம் அகற்றப்பட்டதன் அடையாளங்களும் இப்பகுதியில் உண்டு. பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்த குடும்பங்கள் ஊரைவிட்டே போக நேர்ந்தது. ஆற்றின் அழகைப் பேசும் கட்டுரையில் இதற்கும் இடம் உண்டு என்றே கருதுகிறேன்.

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அனபாயச் சோழனிடம் அமைச்சராக இருந்த அவர், கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தின் மேல் கொண்ட பற்றால் அதே பெயரில் இங்கும் கோயில் எடுப்பித்தார். முருகன் கோயில் குன்றுக்கு 84 படிகளே. மேலே நின்று மேற்கே பார்த்தால் செம்பரம்பாக்கம் ஏரி விரிந்து கிடப்பது தெரியும். சென்னைக்குக் குடிநீர் தரும் இவ்வேரியின் முழு ஆழம் 24 அடி; கொள்ளளவு 3.6 டி.எம்.சி.க்குச் சற்று அதிகம்.

குன்றத்தூரை விட்டுத் தென்மேற்கே சோமங்கலம் செல்லும் வழியில்தான் நாட்டுப்புறம் தொடங்குகிறது. வயல்கள் குறைந்து மனைப்பிரிவுக் கற்கள் பெருகிவிட்டாலும், தை மாதம் வரை ஏரிகளில் நீர் நிற்கும். கொக்கு, நாரை, நீர்க்காகம், முக்குளிப்பான் ஆகியவற்றை வண்டியை விட்டு இறங்காமலே பார்க்கலாம். காலை எட்டு மணிக்கு மேல் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டிகளில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். இந்தச் சாலைகளை உண்மையில் நன்கு அறிந்த மிதிவண்டிக்காரர்கள் அவர்களே. எந்த வளைவில் மணல் இருக்கும், எந்த வீட்டு நாய் துரத்தும் என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சோமங்கலம் சோமநாதீசுவரர் கோயில், சென்னையைச் சூழ்ந்த நவக்கிரகத் தலங்களில் சந்திரனுக்குரியது. கொளப்பாக்கம், கோவூர், கெருகம்பாக்கம், பொழிச்சலூர், குன்றத்தூர் முதலிய மற்றவற்றில் பலவும் அண்மையிலேயே இருப்பதால், ஒன்பதையும் மிதிவண்டியில் சுற்றி வருபவர்களும் உண்டு. கோயிலைவிட இங்கே கவனிக்க வேண்டியது ஒரு செய்தி. மிகுமழையில் சோமங்கலம் ஏரிக்கரை உடைந்ததையும், அதை ஒருவர் அடைத்துச் சீர்செய்ததையும், பின்னாளைய பராமரிப்புக்குப் பொருள் வைத்ததையும் சோழர் காலக் கல்வெட்டு இவ்வூரில் பதிவுசெய்திருக்கிறது. ஏரி உடையும் என்பதையும், ஆண்டுதோறும் கரையைப் பார்த்துக்கொள்ளப் பணம் வேண்டும் என்பதையும் அன்றே அறிந்திருந்தனர்.

மணிமங்கலமும் இரண்டு நீர்களும்

மணிமங்கலம் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்று. ஏழாம் நூற்றாண்டில் நடந்த அப்போரைக் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது. இராசகோபாலப் பெருமாள் கோயில், தருமேசுவரர் கோயில் இரண்டும் பார்க்கத்தக்கவை. இடைவேளைக்கு ஏற்ற இடமும் இதுவே.

இங்கிருந்து கிழக்கே முடிச்சூர் வரை சாலை நீரோடு சேர்ந்தே இறங்குகிறது. இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. மிதிக்கும் கால் மட்டும் அறியும். வகுப்பறையில் நீர்ப்பிடிப்புப் பகுதி என்ற சொல்லைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்து காட்டினாலும் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்களே தவிர, மனத்தில் பதியாது. இந்த ஏழெட்டு கிலோமீட்டரை ஒருமுறை மிதித்தால் பதிந்துவிடும்.

2015ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் எல்லாம் மூழ்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அவ்வாண்டு டிசம்பர் 1, 2 தேதிகளில் அவ்வேரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது உண்மை. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கத்தில். முடிச்சூரும் வரதராசபுரமும் அதற்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கின்றன. டிசம்பருக்கு முன்பே, நவம்பர் நடுவிலேயே அவை மூழ்கின. அங்கே வந்த நீர் மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் நீர். திருநீர்மலைக்குக் கீழே உள்ள அனகாபுத்தூருக்கோ இரண்டு நீரும் வரும். வெள்ள எச்சரிக்கை வரும்போது செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டத்தை மட்டும் செய்தியில் பார்த்துக்கொண்டிருப்பது முடிச்சூர்க்காரருக்குப் போதாது. அனகாபுத்தூர்க்காரருக்குப் பாதிதான் போதும். வரைபடத்தில் பார்க்கும்போது சிக்கலாகத் தோன்றும் இந்தச் செய்தி, இவ்வழியே வண்டியில் வருபவருக்குத் தானாக விளங்கும். வரதராசபுரம் அருகே வெளிவட்டச் சாலையின் உயர்ந்த கரையையும், அதன் கீழே தாழ்ந்து கிடக்கும் தெருக்களையும் சேர்த்துப் பாருங்கள்.

மேற்குத் தாம்பரத்தைத் தொட்டு வடக்கே திரும்பினால் திருநீர்மலை. 108 திவ்விய தேசங்களில் ஒன்றான இங்கே பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் காட்சி தருகிறார். மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் நீர் வடியும்வரை பல மாதங்கள் காத்திருந்தார் என்பது தலவரலாறு. அதைப் புராணமாக மட்டும் கேட்டவர்கள், இங்கே நிலம் எவ்வளவு தாழ்வு என்பதைக் கண்டபின் வேறு விதமாகவும் கேட்பார்கள்.

காலமும் காற்றும்

மார்கழி இறுதி முதல் மாசி வரை ஏற்ற காலம். ஏரிகளில் நீர் இருக்கும், வெயில் கடுமையாகாது. ஏற்றம் இல்லாத இந்நிலத்தில் மேட்டின் வேலையைக் காற்று செய்யும். தை மாதத்தில் வடகிழக்குக் காற்று போகும்போது தள்ளிவிட்டு, திரும்பும்போது எதிர்க்கும். கோடையில் காலை மேற்குக் காற்று எதிரே வரும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். தாமதமாகப் புறப்பட்டால் போக, வர இரண்டு முறையும் எதிர்க்காற்றுதான். ஐந்தரைக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்குள் திரும்புவதே அறிவுடைமை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலையின் மேல் நீர் ஓடினால், ஆழம் முழங்காலுக்குக் கீழேதான் என்று தோன்றினாலும், வண்டியோடு இறங்கக் கூடாது. அடியில் சாலை அரித்துப் போயிருக்கலாம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளது. காவலர் தடுத்தால் வாதாடாமல் கீழ்ச்சாலையில் செல்லவும். பல்லாவரம்–குன்றத்தூர் சாலையில் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குப் போகும் சரக்கு வண்டிகளும், மற்ற சாலைகளில் ஜல்லி லாரிகளும் மிகுதி. பின்விளக்கு கட்டாயம். பம்பு, ஒரு மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பசை ஆகியவற்றைக் கையோடு வைத்துக்கொள்ளவும்; சோமங்கலத்துக்கும் மணிமங்கலத்துக்கும் இடையே விடியற்காலையில் திறந்திருக்கும் பஞ்சர் கடையை நம்ப முடியாது. கியர் உள்ள வண்டி தேவையில்லை.

மேடு பள்ளம் விரும்புவோருக்கு

உண்மையான ஏற்ற இறக்கம் வேண்டுவோர் தெற்கே போக வேண்டும். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலை காப்புக்காட்டுக் குன்றுகளையொட்டி ஏறி இறங்குகிறது. கல்லூரிப் பேருந்துகள் புறப்படுமுன் கடந்துவிட வேண்டும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை இன்னும் அழகியது. கொளவாய் ஏரியைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால், தாழ்ந்த குன்றுகளுக்கிடையே சென்று, வேதகிரி மலையை நெடுநேரம் எதிரே வைத்துக்கொண்டு மிதிக்கலாம். அனகாபுத்தூர்ச் சுற்றுவழியை இருமுறை இளைப்பின்றி முடித்தவர்கள் இதற்குப் போகலாம். தண்ணீர் மட்டும் இரண்டு புட்டி கூடுதலாக வேண்டும்.