உங்களுக்குத் தெரியுமா? ஊர் கூடினால் காடு நிற்கும்

■ காடு என்றாலே வனத்துறை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளுக்குத் தரத்தக்க 29 பொறுப்புகளைப் பட்டியலிட்டது. அதில் 6-ஆவது, சமூகக் காடு வளர்ப்பு. 7-ஆவது, சிறு வனப்பொருட்கள். அதாவது தேன், புளி, கடுக்காய் போன்றவை.

■ 1921-இல் இன்றைய உத்தராகண்டின் குமாவுன் மலைமக்கள், மேய்ச்சலையும் விறகையும் மறுத்த பிரிட்டிஷ் அரசின் மீதுள்ள கோபத்தில் காப்புக்காடுகளுக்கே தீ வைத்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் விளைவாக 1931-இல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன. ஊராரே குழு அமைத்து, எப்போது புல் அறுக்கலாம், எவ்வளவு விறகு எடுக்கலாம் என்று முடிவு செய்யும் ஏற்பாடு அது. இன்று உத்தராகண்டில் 11,000-க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன.

■ மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்று ஒரு கோண்டு பழங்குடி கிராமம். சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது அந்த ஊருக்கு வன உரிமைச் சட்டப்படி 2009-இல் சமூக உரிமை கிடைத்தது. ஆனால் மூங்கிலை வெட்டி விற்க, அதை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு வேண்டுமே! 2011 ஏப்ரலில் மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் போய், அந்தச் சீட்டை வழங்கும் அதிகாரத்தைக் கிராம சபையிடமே ஒப்படைத்தார்.

■ ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடிய சபைகள் 12. பன்னிரண்டும் மறுத்தன.

■ வன உரிமைச் சட்டப்படி கூடும் கிராம சபையில் குறைந்தது பாதி உறுப்பினர்கள் இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் நடப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர்! மிக நியாயமான விதி இது.

■ மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். ஏழு குன்றுகள், அவற்றில் ஊறும் சுனைகள், அந்தத் தண்ணீரை வாங்கும் கண்மாய்கள். பாறை இடுக்குகளில் வல்லூறுகள் கூடு கட்டும். புதர்களில் தேவாங்கும் அலங்கும் உண்டு. சமணர் படுக்கையும் தமிழி கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரையும் அதே மலையில்தான்.

இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்தத் தலத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. அதே மாதம் 23-ஆம் தேதி கூடிய கிராம சபைகளில் வட்டார ஊராட்சிகள் பல, சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் அதையே சொன்னது. ஜனவரியில் விவசாயிகள் மேலூரிலிருந்து மதுரைக்குத் திரண்டு போனார்கள். 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு மட்டும் தனியாக நின்று அந்த மலையைக் காப்பாற்றியிருக்காது என்பதே என் எண்ணம். ஊர்க்காரர்கள் எழுந்து நின்றதால்தான் அது காகிதத்தைத் தாண்டியது.

■ 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் என்ன மரம், எந்தக் கண்மாய்க்கு என்ன பறவை, எந்த மூலிகை எதற்கு ஆகும் என்று மக்களிடம் கேட்டு, அந்தக் குழு ஒரு பதிவேடு எழுத வேண்டும். 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்த பிறகுதான் பல இடங்களில் பேனாவே திறந்தது. உங்கள் ஊர்ப் பதிவேட்டில் அய்யனார் தோப்பும் ஊருணிக்கரை மரங்களும் இருக்கின்றனவா?

■ அதைக் கேட்பதற்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நாட்கள் உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

■ சிறு காடுதானே என்று விட்டுவிட வேண்டாம். 2025-இல் மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில்காடு. பரப்பு 4.97 ஹெக்டேர், பன்னிரண்டு ஏக்கருக்குச் சற்றே அதிகம்.