எரிச்சல் அடங்கினால் புண் ஆறிவிட்டதா?

எந்த ஊர் மருந்துக்கடையிலும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். "அண்ணே, கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்று யாராவது வந்துவிடுவார். மருத்துவர் சீட்டு எதுவும் இருக்காது. பேன்டோபிரசோல் ஒரு அட்டை கைமாறும். அமிலம் குறையும், எரிச்சல் அடங்கும். ஆனால் இரைப்பையின் உட்சுவரில் அழற்சி இருந்தால், அதற்குக் காரணமான கிருமி அங்கேயே தங்கிவிடும். இப்படியே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் நாள்பட்ட அழற்சி. பிறகு அமிலம் சுரக்கும் சுரப்பிகள் நலிந்துபோகின்றன. அந்த இடத்தில் குடலில் இருப்பது போன்ற செல்கள் முளைக்கின்றன. அவற்றில் சில தாறுமாறாகப் பெருகுகின்றன. பெலாயோ கொரேயா என்ற நோயியல் மருத்துவர் விவரித்த இந்தப் படிகளைக் கடக்கப் பல பத்தாண்டுகள் ஆகலாம். தடுப்பதற்கு இவ்வளவு அவகாசம் தரும் புற்றுநோய்கள் அதிகமில்லை.

அழற்சியைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தைச் சமாளித்துக்கொண்டு வாழும் இதைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோயை உண்டாக்கும் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இலேயே இதை அறிவித்துவிட்டது. கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வரும் என்பதால் பீதி வேண்டாம். அந்தச் சிலரில் ஒருவராக நம்மைத் தள்ளக்கூடியவற்றில் புகையிலையும் சாப்பாடும் முக்கியமானவை.

நம் வீடுகளில் பழி முழுக்கக் காரத்தின் மேல்தான் விழும். எனக்கு உப்பைப் பற்றித்தான் கவலை. அதிக உப்பு இரைப்பையின் சளிப் படலத்தை அரிக்கிறது. கிருமிக்கும் நைட்ரோசமைன் போன்ற நச்சுகளுக்கும் வழி திறந்துவிடுகிறது. ஜப்பானில் குளிர்பதனப் பெட்டி பரவி, உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு குறைந்ததும் அங்கே இந்நோய் குறைந்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்தியாவில் இந்நோய் மிக அதிகமாகப் பதிவாகும் இடங்களில் ஒன்று மிசோரத்தின் ஐஸ்வால். புகையில் வாட்டிய இறைச்சியும் புகையிலைப் புகை ஏற்றிய நீரும் அங்கே அன்றாடப் பழக்கம்.

நமக்குக் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய். இவற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பழையசோற்றோடு தினமும் ஊறுகாயும் கருவாடும் சேர்ந்தால் வரம்பு எளிதில் தாண்டிவிடும். பாக்கெட் தின்பண்டங்களில் சோடியம் அளவை அச்சிட வேண்டும் என்பது சட்டம். வாங்குமுன் அதைப் படியுங்கள். நெல்லிக்காய், கொய்யா, கீரை, காய்கறிகள் தட்டில் கூடட்டும். வைட்டமின் சி, நைட்ரோசமைன் உருவாவதைத் தடுக்கிறது.

சாப்பாட்டை மாற்றினால் மட்டும் கிருமி போகாது. மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ அதைக் கண்டறியலாம். எண்டோஸ்கோப்பி செய்தால், இரைப்பையின் உட்சுவரிலிருந்து அரிசி அளவில் ஒரு துணுக்கை எடுத்து மஞ்சள் நிறக் கூழில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அது இளஞ்சிவப்பாக மாறும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே பரிசோதித்தால், இருக்கும் கிருமியும் இல்லை என்று காட்டலாம். மருத்துவரிடம் கேட்டு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும்.

மலம் கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்புவது, விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, ரத்தசோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதையும் மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இரைப்பை குடல் பிரிவை அணுகலாம். புற்றுநோய் என்று உறுதியானால், தகுதியுள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு; 104இல் விவரம் கேட்கலாம். எந்த மருத்துவமனையானாலும், கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. வேறொரு மருத்துவரிடம் காட்ட அவை உங்களுக்குத் தேவைப்படும்.

கிருமிக்கான ஆன்டிபயாடிக் சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். நாலாவது நாளே வயிறு லேசாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால், பிழைத்த கிருமிக்கு அடுத்தமுறை அந்த மருந்து கேட்காமல் போகலாம். முடித்து நான்கு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். மருத்துவர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.