முன் தூண் மறைக்கும் பின் தூண்!

அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி ஜான் ஹன்டர், காக்காய் வலிப்பு நோயாளிகளின் மூளையில் எழும் மின் அலைகளைக் கம்ப்யூட்டரில் படமாகப் பார்க்க விரும்பினார். அதற்காக அவர் உருவாக்கிய நிரல் தொகுப்புதான் "மேட்பிளாட்லிப்". 2003-ம் ஆண்டில் வெளிவந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை!

பின்னர் அதில், தூண்களைக் கன வடிவில் நிறுத்தும் வசதியும் சேர்ந்தது. ஒரு தூணுக்கு ஆறு எண்கள். முதல் மூன்றும் தூண் நிற்கும் இடம். மற்றவை நீளம், அகலம், உயரம்.

ஆனால், முன்னால் நெட்டைத் தூண் நின்றால், பின்னால் உள்ள குட்டைத் தூண் மறைந்துபோகும். மறைந்தது ஒரு நோயாளியின் கணக்காக இருந்தால்?

கோணத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் தெரியவில்லையா? தட்டையான படமே மேல்!

ஹன்டர் 2012-ல், 44 வயதில் காலமானார். அவருடைய நிரல் இன்றும் படம் வரைகிறது.