சாய்ந்து ஓடும் சக்கரம்

அண்ணா பிறந்தநாளையொட்டி ஆண்டுதோறும் மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் போட்டி நடத்துகிறது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். கியர் வண்டிக்கு இடமில்லை.

படம் எடுப்பவருக்கு அந்த விதி ஒரு வரம். கியர் இல்லாததால் வேகம் வேண்டுமென்றால் பிள்ளைகள் சீட்டைவிட்டு எழுந்து, உடம்பின் பாரத்தையெல்லாம் பெடலில் இறக்குகிறார்கள். பார்க்க வேண்டியது அந்தக் கணத்து முகத்தைத்தான். மறுநாள் செய்தியில் வருவதோ பெரும்பாலும் கொடியசைக்கும் விருந்தினரின் படம். அந்தப் பிள்ளைகளுக்கு அது போதாது.

மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் நொடிக்கு 5 மீட்டர் நகரும். ஷட்டர் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்தால், வண்டி நகர்வது அரை சென்டிமீட்டர். சக்கரக் கம்பிகூட அசையாமல் தெரியும். வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்றே புரியாது. அறுபதில் ஒரு பங்கு வைத்தால் 8 சென்டிமீட்டர் நகர்ந்து முகம் கலங்கிவிடும். ஆனால் ஓடும் பிள்ளையோடு கேமராவும் திரும்பினால் முகம் தெளிந்து, தெரு கோடுகளாக இழையும். இதற்குப் பெயர் பேனிங். முழங்காலை மடக்கிப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும். இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். பட்டனை அழுத்திய பிறகும் திருப்பத்தை நிறுத்தக் கூடாது.

இது ஒரே நாளில் கைவராது. சிந்தாதிரிப்பேட்டைக்காரர்கள் பழக வேண்டுமானால் மே தினப் பூங்கா ஓரம் காலையில் போகிற சைக்கிள்களே போதும். பத்தில் ஒன்று தேறினாலே நல்ல தொடக்கம்.

செல்போனில் எடுப்பவர்கள் சில சமயம் சக்கரம் சாய்ந்து விழுந்திருப்பதைப் பார்த்துக் குழம்புவார்கள். போன் கேமரா படத்தை ஒரே கணத்தில் பதிவதில்லை. வரிசை வரிசையாகப் பதிகிறது. அதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது.

இந்தச் சாய்வு செல்போனுக்கும் முந்தியது. 1894இல் பிறந்த பிரெஞ்சுக்காரர் ழாக் ஆன்ரி லார்த்திக், சிறுவயதிலேயே கேமரா கிடைத்தவர். வீட்டுப் பிள்ளைகள் தாங்களே செய்த சக்கர வண்டிகளில் சரிவில் பாய்ந்ததையெல்லாம் படமாக்கினார். பிறகு ஒரு கார் பந்தயத்தில், ஓடும் காரோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்தார். அவருடைய கேமராவின் ஷட்டரும் படத்தைப் பட்டை பட்டையாகத்தான் பதிவு செய்தது. காரின் சக்கரம் நீள்வட்டமாகி முன்னே சாய்ந்தது. ஓரத்தில் நின்ற மக்கள் பின்னே சாய்ந்தார்கள். தேறாத படமென்று நெடுநாள் ஒதுக்கியே வைத்திருந்தார். இன்று அவருடைய படங்களில் உலகம் அதிகம் அறிந்தது அதுதான்.