பழைய வீணை பாடுமா?



பழையன யாவும் மதிப்புடையவை என்போர் உளர். பழையன யாவும் கழித்தற்குரியவை என்போரும் உளர். இசைக்கருவியைப் பொறுத்த மட்டில் இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். ஒரு பழைய வீணை வாசிக்கத்தக்க நிலையில் உள்ளதா என்பதை ஆராய்ந்தறியும் முறையைப் பற்றி இன்று பேச விழைகின்றேன்.

திருவானைக்காவலில் எங்கள் தெருவில் வாழும் கல்லூரி மாணவி ஒருத்திக்கு, அவள் பாட்டியார் வாசித்த வீணை வந்து சேர்ந்தது. வழக்கமான அளவினும் சற்றே சிறிய ஏகாண்ட வீணை அது. குடம், தண்டி, யாளிமுகம் ஆகிய மூன்றையும் ஒரே பலாமரத் துண்டில் குடைந்தெடுப்பது ஏகாண்டம். தனித்தனியே செய்து பொருத்துவது ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்குப் பழுதற்ற பெரிய மரம் வேண்டுமாதலின் அஃது அரிது. பல்லாண்டு பரண்மீது கிடந்த அக்கருவியை, விடுதி ஒன்றின் வரவேற்பறையில் அழகுக்கு வைக்கவென்று தரகர் ஒருவர் விலை பேசினார். கல்லூரிக்குக் கட்டணம் செலுத்தும் காலம்; வீட்டார் ஏறத்தாழ இசைந்துவிட்டனர். அப்பெண் என்னிடம் வந்தாள். நான் இசைவாணன் அல்லேன், பௌதிகம் கற்பித்தவன். ஆதலின் அளவுகோலும் நூலும் கொண்டு பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் பார்க்கவேண்டியது மரம். குடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று இருந்தது. பூச்சி அரித்த துளை எதுவும் இல்லை. அடுத்து, யாளி முனையிலிருந்து குதிரை வரை நூலை இழுத்துப் பிடித்துத் தண்டி வளைந்திருக்கிறதா என்று நோக்கினோம். தண்டி நேராகவே இருந்தது. அங்கேயே பாதிக் கவலை தீர்ந்தது எனலாம்.

மீதிக் கவலை மெட்டுகளைப் பற்றியது. வீணையில் 24 மெட்டுகள் உள்ளன. இரண்டு ஸ்தாயிகளுக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாக. இவ்வமைப்பு தஞ்சையில் இரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைபெற்றது என்பது மரபு. தந்தியின் நீளம் 80 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பாதியில், அதாவது குதிரையிலிருந்து 40 சென்டிமீட்டரில் 12ஆவது மெட்டு நின்றால் மேல் ஸட்ஜம் பேசும்; 20 சென்டிமீட்டரில் 24ஆவது. முதல் மெட்டின் இடைவெளி ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர். கடைசி இடைவெளியோ ஒன்றைச் சிறிதே தாண்டும். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் செவி கண்டுகொள்ளும்.

இம்மெட்டுகள் மரத்தில் பதிக்கப்படுவதில்லை. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து தண்டியின் இருமருங்கும் மேடை கட்டி, அதன்மேல் பதிக்கின்றனர். நம் மாணவியின் வீணையில் மெழுகு வறண்டு பொடியாகியிருந்தது; மெட்டுகள் சில ஆடின. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடித்த இடங்களில் வெண்கலத்திலேயே தடம் விழுந்திருந்தது. பாட்டியார் எந்த ஸ்தானங்களில் மிகுதியாக வாசித்தார் என்பதை அத்தடங்களே சொல்லின!

மேலைநாட்டுக் கிதாரை இதனோடு ஒப்பிட்டு நோக்குங்கள். வியன்னாவில் ஸ்டௌஃபரிடம் தொழில் பயின்ற மார்ட்டின் என்பவர் 1833இல் நியூயார்க் சென்று கிதார் செய்யலானார். அக்காலத்துக் கிதார்கள் உருவில் சிறியவை. நரம்புத் தந்திக்கென்றே அமைந்தவை. அவற்றில் எஃகுத் தந்தியைக் கட்டினால் இழுவிசை மிகுந்து கழுத்து வளையும், குதிரை பெயரும். மெட்டுகளோ மரத்தில் வெட்டிய பள்ளத்தில் இறுகப் பதிந்தவை. கழுத்து வளைந்தபின் சீர்செய்வது எளிதன்று. நம் முன்னோர் மெழுகைத் தேர்ந்ததை நான் பலவீனமாகக் கருதவில்லை. உருகுவதாலன்றோ அதை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க இயலுகிறது! கோடையில் சற்று இளகி மெட்டு நகர்வது அதற்குரிய விலை.

இவ்வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். தஞ்சாவூர் வீணை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் செவியால் மேளம் கட்ட வல்லார் தொகை சுருங்கி வருவதே என் கவலை. தஞ்சையிலிருந்து வந்த ஆசாரி ஒருவர் பழைய மெழுகைச் சுரண்டி எடுத்தார். தடம் விழுந்த மெட்டுகளை அராவிச் சமன் செய்தார். ஒவ்வொரு மெட்டையும் ஸ்வரம் கேட்டுக் கேட்டு நிறுத்தினார். குதிரையின் பித்தளைத் தகட்டுக்கு மிக மெல்லிய வளைவு வேண்டும்; அது தட்டையானால் தந்தியின் நாதம் உடனே அடங்கிவிடும். அதற்கே அவர் ஒரு முற்பகலைச் செலவிட்டார். பிரடைகள் மட்டும் முரண்டு பிடித்தன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, அப்புலிங்கத்தின் ஊரில், மரம் ஈரத்தை உறிஞ்சாமல் இருக்குமா? சுண்ணப்பொடி தடவிய பின்னரே இணங்கின.

விற்பதில்லை என்று வீட்டார் முடிவு செய்தனர்; கட்டணத்துக்கு வேறு வழி தேடினர். அருகே திருவரங்கத்தில் அத்யயன உற்சவத்தின்போது நம்பெருமாள் முன் வீணை வாசிக்கும் மரபு உண்டு. அதைக் கேட்டு வளர்ந்த வீடு அது.

புதுத் தந்தி கட்டியதும் சுருதியை ஒரே நாளில் ஏற்றலாகாது என்று ஆசாரி எச்சரித்துச் சென்றார். சில நாள் தளர்வாக வைத்துப் படிப்படியாக ஏற்றினாள் அப்பெண். வெடிப்பை உத்தேசித்து மூன்று கட்டைக்கு மேல் அவள் போவதில்லை. குடத்தில் அவ்வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறோம். காற்று வறளும் பங்குனி, சித்திரையில் அது கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.