கடையில் நட்டமா? அப்போதும் பாரம் பி உண்டு

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்காரரிடமோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா துணிக்கடைக்காரரிடமோ வருமான வரிப் பேச்சை எடுத்தால், "லாபமே இல்லை, எதற்குப் பாரம்?" என்று கேட்பவர் உண்டு. எஸ்எஸ்எம்மில் வியாபாரப் பதிவைப் புதுப்பித்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பவரும் உண்டு. அந்தப் பதிவு வேறு, வரி வேறு.

முன்பு வருமான வரி வாரியமே கணக்குப் போட்டு வரித்தொகையை அறிவித்தது. 2004 மதிப்பீட்டு ஆண்டு முதல் தனிநபருக்கும் சுயமதிப்பீட்டு முறை வந்துவிட்டது. கணக்கைப் போட வேண்டியவர் கடைக்காரரே. சம்பளம் மட்டும் பெறுவோர் ஏப்ரல் 30க்குள் பாரம் பிஇ அனுப்புகிறார்கள். வியாபாரம் செய்வோருக்குப் பாரம் பி, தவணை ஜூன் 30. பகலில் வேலைக்குப் போய், வார இறுதியில் கேட்டரிங் செய்பவருக்கும் பாரம் பிதான்.

நட்டக் கணக்குக்குத்தான் இது அதிகம் உதவும். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் கடைகள் அடைபட்டன. அவ்வாண்டில் ஒருவருக்கு 15,000 வெள்ளி நட்டம், வேறு வருமானமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதை முறைப்படி கணக்கில் காட்டியிருந்தால், அடுத்து 50,000 வெள்ளி வியாபார லாபம் வரும் ஆண்டில் 35,000 வெள்ளிதான் கணக்கில் நிற்கும். சுயநிவாரணம் 9,000 வெள்ளி போன்ற கழிவுகள் அதற்குப் பிறகு. இப்படி நட்டத்தைத் தொடர்ந்து 10 ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம். பாரமே அனுப்பாதவர் எதைக் காட்டி இந்தக் கழிவைக் கேட்பார்? வீட்டுக் கடனுக்குப் போனாலும் வங்கி முதலில் கேட்பது பாரம் பிதான்.

கடை வாடகை, தொழிலாளர் சம்பளம், சரக்கு விலை ஆகியவை செலவில் சேரும். முதலாளி கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் பணம் சேராது. அதற்குச் 'சம்பளம்' என்று பெயர் வைத்தாலும் சேராது! கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு இருந்தால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

வாரியம் முந்தைய வருமானத்தை வைத்து சிபி500 என்ற தவணைக் கடிதம் அனுப்பலாம். வியாபாரம் படுத்துவிட்டால், அதைக் குறைக்கக் கோரி ஜூன் 30க்குள் சிபி502 கொடுக்கலாம். கடிதத்தை மேசையறையில் போட்டுவிட்டால் தவணை தவறிய தொகைக்கு 10 விழுக்காடு கூடும்.

ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மைலோ டின்னில் திணித்து வைத்தாலும் சரி. ஆனால் வெப்பத்தாளில் அடித்த ரசீது சீக்கிரமே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே நகலெடுத்து வைப்பது நல்லது.